பின் சீட்டில் போனவர்

பல் டாக்டரிடம் சந்தேகம் வராமல் விசாரிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. யாராவது ஒருவர் அவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுக்க வேண்டும். அந்த யாராவது யார் என்பதில் விவாதமே நடக்கவில்லை. துப்பறிவாளர் தன் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் கூரையைப் பார்த்தாள். பிறகு கைப்பையை அண்ணியின் மடியில் வைத்துவிட்டு ஏறிச் சாய்ந்தாள்.

"எனக்குப் பல் வலியே இல்லையே அண்ணி."

"வந்துரும்," என்றார் அண்ணி.

இந்த அண்ணி, அவள் சொந்த அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் உட்கார்ந்து, நடக்காத விபத்துகளையும் எரியாத குடோன்களையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். உதவிக்கு ஆள் தேடியபோது, "நம்ம வீட்டுலயே ஒருத்தி சும்மா வாயாடிக்கிட்டு இருக்காளே" என்று அண்ணன்தான் சிபாரிசு செய்தான். அது பாராட்டு இல்லை என்று நாத்தனாருக்குத் தெரியும். ஆனாலும் வேலை வேலைதானே. வாய்க்காக வேலை கொடுத்தவர்கள், கடைசியில் அந்த வாயையே வேலைக்கு வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அகலமாகத் திறந்தாள்.

வழக்கு சிக்கலானது ஒன்றும் இல்லை. ஒரு கடிகாரக் கடை. போன விடுமுறை நாளில், நண்பகல் வேளையில், பூட்டியிருந்த கடைக்குள் யாரோ சாவி போட்டுத் திறந்து போயிருக்கிறார்கள். பழங்காலப் பாக்கெட் கடிகாரம் ஒன்று, யாரோ பெரிய மனிதர் பழுது பார்க்கக் கொடுத்தது, போனது போனதுதான். பூட்டு உடையவில்லை, கண்ணாடி உடையவில்லை. அந்தக் கடைக்கு இரண்டே சாவி. ஒன்று முதலாளியிடம், ஒன்று மெக்கானிக்கிடம். முதலாளி அந்த நேரத்தில் பல் டாக்டரான தன் நண்பரோடு ஒரு குட்டி விமானத்தில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆகாயத்தில் இருக்கிறவன் கடையைத் திறக்க முடியாது. மெக்கானிக்கோ எங்கே இருந்தான் என்று கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். போலீசுக்கு வேறென்ன வேண்டும், தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்தினால் நேராக ஜெயில்தான்.

மெக்கானிக்கின் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நேற்று காக்கிச் சட்டையோடு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, அழாமல், கணக்கு ஒப்பிப்பது போல் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவர் கடையிலிருந்து ஒரு திருகாணிகூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை என்றாள். என்னிடம் எதையுமே மறைத்ததில்லை, இதை மட்டும் ஏன் மறைக்கிறார் என்று தெரியவில்லை என்றாள். போகும்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அதைப் பார்த்ததிலிருந்து நாத்தனாருக்கு மனசே சரியில்லை. அதனால்தான் இந்த நாற்காலியில் ஏறினாள், இல்லாவிட்டால் நடக்கிற கதையா.

பல் டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய வகையில் ஓயாமல் பேசினார். நாற்காலிக்கு எதிரே சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. விமானத்தின் முன் கண்ணாடி வழியாக எடுத்தது. ஏரி, அதற்கப்பால் மலை, கீழ் ஓரத்தில் விமானத்தின் டயல்கள். வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்கள் வேறு எங்கும் பார்க்க முடியாதபடி அதை மாட்டியிருந்தார்.

அண்ணி படத்தை ரசிப்பது போல் ரசித்து, நீங்களே எடுத்ததா என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அது போதுமானதாக இருந்தது. போன விடுமுறையன்று மத்தியானம் எடுத்தது, நானும் கடிகாரக் கடை வைத்திருக்கிற என் நண்பனும் போனோம், நான் கேப்டன் பக்கத்தில் முன் சீட்டு, அவன் பின் சீட்டு என்று டாக்டர் கொட்டித் தீர்த்தார். நடுநடுவே நாத்தனாரின் கடைவாய்ப் பல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"உங்க நண்பர் பயப்படலையா?" என்று அண்ணி கேட்டார்.

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. அது நின்றதை அண்ணி பார்க்கவில்லை. பல்மேல் இருந்த கம்பி வழியாக நாத்தனாருக்குத்தான் தெரிந்தது. "அவனா? அமைதியா இருந்தான். எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நாத்தனார் தாடையைத் தடவிக்கொண்டே அந்தக் கை நின்ற செய்தியைச் சொன்னாள். சொத்தை எதுவும் இல்லையாம், பல்லெல்லாம் பாறை மாதிரி இருக்கிறதாம், ஆனாலும் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் முக்கியமானதற்கு வந்தாள்.

"அண்ணி, மத்தியானம் போனோம்னு சொல்றார். படத்துல டயல்களுக்கு நடுவுல ஒரு கடிகாரம் இருக்கு. நாலு மணி பத்து நிமிஷம் காட்டுது."

துப்பறிவாளர் நடையை நிறுத்தினார். தன் நாத்தனாரை மரியாதையோடு பார்த்தார். இப்படிப் பார்ப்பது அபூர்வம் என்பதால் நாத்தனார் அதை முழுசாக அனுபவித்தாள். நண்பகல் என்று சொன்ன பயணம் சாயங்காலம் நடந்திருந்தால் முதலாளியின் சாட்சி மொத்தமும் சரிந்துவிடும். இருவரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, ஊருக்கு வெளியே இருந்த விமானத் திடலுக்குப் போனார்கள்.

திடல் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். புல்வெளி, நடுவில் ஒரு தார்ப் பாதை, தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு குட்டி விமானம். அதன் கதவைப் பார்த்தால் பழைய கார்க் கதவு மாதிரியே இருந்தது. கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் கேப்டன். வயசானவர், ஒல்லி, வெயிலில் காய்ந்து போன முகம். கேள்வி கேட்டால் முதலில் கம்பத்தில் கட்டியிருந்த காற்றாடித் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அவர்கள் வைத்திருந்த பெரிய கண்டுபிடிப்பு அவரிடம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அவர்கள் வந்தது நண்பகல்தான், சத்தியமாக நண்பகல்தான், அன்று சாயங்காலம் காற்று சரியில்லாமல் யாரையுமே ஏற்றவில்லை என்றார். போலீசிலிருந்து போனில் கேட்டார்கள், இரண்டு பேர் ஏறினார்கள், இரண்டு பேர் இறங்கினார்கள் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டேன் என்றார். படத்தில் நாலு பத்து காட்டுகிறதே என்று நாத்தனார் விடாமல் கேட்டாள்.

"அந்தக் கடிகாரம் நின்னு பல வருஷம் ஆச்சும்மா," என்றார் கேப்டன். "எப்ப படம் எடுத்தாலும் நாலு பத்துதான்."

நாத்தனார் மெல்ல அண்ணியின் பக்கம் திரும்பினாள். அங்கே மரியாதை இருந்த இடம் காலியாக இருந்தது.

திரும்பிப் போகலாம் என்று அவள் கிளம்பியபோது, வந்தது வந்தோம், ஏறியே பார்த்துவிடலாம் என்றார் அண்ணி. பின் சீட்டில் உட்கார்ந்து போனால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்க்க வேண்டுமாம். பிறகு அந்த முதலாளியிடம் நாலு கேள்வி கேட்டுப் பொய்யைப் பிடிக்கலாமாம். தரையில் ஓடுகிற ராட்டினத்தில்கூட ஏறாதவள் நாத்தனார். ஆனால் நேற்றுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற காக்கிச் சட்டை ஞாபகம் வந்ததும் மறுப்பு சொல்ல வாய் வரவில்லை.

கேப்டன் எழுந்துபோய்க் கொட்டகை மூலையிலிருந்து ஒரு எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டை நிறுக்கிற மெஷின்.

"இது எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

ஏறுகிறவர்கள் எல்லாரையும் நிறுத்துதான் ஏற்றுவேன் என்றார் கேப்டன். கனமானவர் முன்னால் என் பக்கத்தில், லேசானவர் பின்னால். அது இந்தக் கொட்டகையின் சட்டம். வால் பக்கம் கனம் ஏறினால் விமானம் சொன்ன பேச்சுக் கேட்காது. மந்திரி வந்தாலும், என் மாமியாரே வந்தாலும் அதுதான். மாமியாரை முன்னால் உட்கார வைத்ததிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை என்பதையும் அதே குரலில் சொன்னார்.

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். மூச்சை வெளியே விட்டாள். கேப்டன் எதையும் கண்டுகொள்ளாமல் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "முன்னாடி" என்றார். அண்ணி ஏறினார், இறங்கினார். "பின்னாடி" என்றார் கேப்டன்.

"என்னோட எலும்பு கொஞ்சம் கனம்," என்றாள் நாத்தனார், யாரும் கேட்காமலே.

"முன்னாடி எலும்புக்கும் இடம் இருக்கு," என்றார் கேப்டன்.

அண்ணி மட்டும் எடை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் இன்சூரன்ஸ் காலத்து முகமாக மாறியிருந்தது. எரியாத குடோனுக்குள் நின்று சாம்பலைத் தேடும்போது அப்படித்தான் இருப்பாராம், அண்ணன் சொல்லியிருக்கிறான். முன் சீட்டில் பல் டாக்டர் என்றால் பின் சீட்டில் இருந்தவர் அவரைவிட லேசானவர். கடிகாரக் கடை முதலாளியை அவர்கள் நேற்றுப் பார்த்திருந்தார்கள். கடைக் கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் அவர் நுழைவார். பல் டாக்டரை இரண்டால் பெருக்கினாலும் முதலாளிக்கு ஈடாக மாட்டார்.

இது நாத்தனாருக்கும் அப்போதே உறைத்தது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் காதில் ஹெட்போனை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, கதவைச் சாத்திவிட்டார்கள்.

விமானம் தடதடவென்று ஓடியது, குதித்தது, பிறகு குதிக்காமல் போனது. அப்போதுதான் தரையில் இல்லை என்று நாத்தனாருக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு விமானத்தில் போவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று தோன்றியதும் ஒரு கண்ணைத் திறந்தாள். கீழே ஊர் பரப்பி வைத்தது போல் கிடந்தது. ரயில் பாதை, பாலம், வெயிலில் பளபளக்கிற ஏரி. பக்கத்து வீட்டுச் சண்டை, வாங்கித் திருப்பித் தராத பாத்திரம், அண்ணனின் கிண்டல் எல்லாம் அங்கே கீழே எங்கோ ஒரு கூரைக்கடியில் கிடந்தது. நல்லா இருக்கே என்று நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியும்விட்டாள். ஹெட்போனில் எல்லாருக்கும் கேட்டது.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. ஏரியைப் பற்றி இல்லை.

"மணி என்ன ஆகுது பாரு."

நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். அது இல்லை, எதிரே இருக்கிறதைப் பார் என்றார் அண்ணி. டயல்களுக்கு நடுவே அந்தச் சின்னக் கடிகாரம் இருந்தது. நாலு பத்து காட்டவில்லை. சரியான மணியைக் காட்டிக்கொண்டு, நொடி முள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேப்டன் சார், பல வருஷமா நின்னு போச்சுன்னீங்களே?"

ஆமாம், போன விடுமுறை வரைக்கும் நின்றுதான் இருந்தது என்றார் கேப்டன். அன்று இறங்கினதும் அந்த முதலாளிதான் சரி பண்ணிக் கொடுத்தார். பல் டாக்டர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாவிக் கொத்திலிருந்து குட்டித் திருப்புளி ஒன்றை எடுத்து, கடிகாரத்தைக் கழற்றி, ஊதி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டிவிட்டார். நின்று போன கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை என்றாராம். எவ்வளவு பெரிய கடைக்கு முதலாளி, எவ்வளவு எளிமை என்று கேப்டன் இன்னமும் நெகிழ்ந்து போயிருந்தார்.

நாத்தனார் நெகிழவில்லை. முதலாளியின் கையில் கட்டியிருந்த தங்கக் கடிகாரம் நேற்று அவர்கள் பார்த்தபோதே நின்றுபோயிருந்தது. அதைச் சுட்டிக் காட்டியதற்கு, மெக்கானிக் வந்தால்தான் என்றவர், மெக்கானிக்கை உள்ளே வைத்தது தான்தான் என்று ஞாபகம் வந்து பேச்சை மாற்றினார். அப்பா விட்டுப் போன கடை. அவருக்குத் தெரிந்த ஒரே பழுது பார்க்கிற வேலை மெக்கானிக்கைக் கூப்பிடுவது.

"கேப்டன் சார், எங்களோட ஸ்டேஷன் வரைக்கும் கொஞ்சம் வர முடியுமா?" என்றார் அண்ணி.

கேப்டன் காற்றாடித் துணியைத் தேடினார். அவ்வளவு உயரத்தில் அது தெரியவில்லை. சரி என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலாளி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஏதோ கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருந்தார்களாம். இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்பக்க பெஞ்சில் மெக்கானிக், அவன் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு அவன் மனைவி. தூக்கு திறக்கப்படவே இல்லை.

முதலாளிக்கு எதிரே கேப்டனை உட்கார வைத்தார் அண்ணி. கேப்டன் மரியாதைக்கு ஒரு வணக்கம் வைத்தார். முதலாளியும் வைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் யாரென்று தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"விமானத்துல இருந்த கடிகாரத்தைச் சரி பண்ணிக் கொடுத்தீங்களாமே சார். கேப்டன் ரொம்ப சந்தோஷப்பட்டார்," என்றார் அண்ணி.

முதலாளி ஒரு நொடிதான் தடுமாறினார். "அதெல்லாம் பெரிய வேலையா? சும்மா ஒரு திருகு," என்று பெருந்தன்மையோடு கையை வீசினார். வீசிய கையில் தங்கக் கடிகாரம் இன்னமும் நின்றுகொண்டிருந்தது.

பின் சீட்டுதானே என்று கேட்டார் அண்ணி. ஆமாம் பின் சீட்டுதான் என்றார் முதலாளி. கேப்டன் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பக்கவாட்டிலும் பார்த்தார். "இவரைப் பின்னாடி ஏத்தினேனா?" என்றார். "இவர் பின்னாடி ஏறியிருந்தா வால் தரையைத் தொட்டு, நான் ஆகாயத்தைப் பார்த்துக்கிட்டே நின்னிருப்பேன். இவர் இல்லை." சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்க எழுந்தவர், உள்பக்க பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டார். முகம் மலர்ந்துபோனது.

"அட, முதலாளி இங்கதான் இருக்காரா. சார், உங்க கடிகாரம் ஒரு நிமிஷம் பிசகாம ஓடுது சார்."

பிடித்துக் குலுக்கியது மெக்கானிக்கின் கையை.

கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நாத்தனார் நினைத்தாள். அப்போதுதான் மெக்கானிக் அந்தக் கையை உருவிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் ஏறவே இல்லை. முதலாளிதான் போனார்."

தன்னை ஜெயிலிலிருந்து காப்பாற்ற வந்தவரைத் தெரியாது என்கிறவனை நாத்தனார் இதுவரை பார்த்ததில்லை. முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாருங்கள், அவனே இல்லை என்கிறான், கேப்டனுக்கு வயசாச்சு, கண் சரியாகத் தெரியாது என்றார். கண் தெரியாதவனா விமானம் ஓட்டுகிறேன் என்று கேப்டன் எகிறினார். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் கையைக் காட்டி அடக்கினார்.

மெக்கானிக்கின் மனைவி எழுந்து நின்றாள்.

"அவர் ஏறமாட்டார் சார்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "எங்க அண்ணன் இந்த மாதிரி சின்ன விமானத்துல போய்த்தான் செத்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். சின்ன வயசுலேருந்து இவருக்கு அந்த ஆசைதான். ஆனா எனக்குக் கொடுத்த சத்தியத்தை மீறமாட்டார். இவர் சொல்றதுதான் நிஜம்."

புருஷனை வெளியே கொண்டுவர வந்தவள், அவன் வெளியே வர இருந்த ஒரே கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டாள். சாத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள். அண்ணி மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மனைவியும் கடைசியில் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனோடு இத்தனை வருஷம் வாழ்ந்த பெண்ணுக்கு அதற்குமேல் என்ன வேண்டும். மெதுவாக மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். தூக்கைத் தரையில் வைத்தாள்.

"எப்படிப் போனீங்க?" என்றாள்.

அவன் சொல்லத் தொடங்கினான். முதலாளிதான் சீட்டு வாங்கி வைத்திருந்தாராம். தலை சுற்றுகிறது, நீ போய் வா, என் பெயரிலேயே போ, உன் வீட்டுக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். டாக்டரிடமும் அப்படியே சொல்லச் சொல்லிவிட்டாராம். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் இந்த மூன்று நாளாகத் தானே போனதாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம், எனக்காக எவ்வளவு சிரமம் என்றான். அறையில் இருந்த எல்லாரும் திரும்பி அந்த நல்லவரைப் பார்த்தார்கள். நல்லவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம் இப்போது ஜோடித்த கதை என்றார் முதலாளி. ஏறினான் என்பதற்குச் சாட்சி என்ன, டாக்டர் என் பக்கம்தான் சொல்வார் என்றார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மேலேருந்து என்ன தெரிஞ்சுது?" என்று புருஷனைத்தான் கேட்டாள்.

"நம்ம வீட்டு மொட்டை மாடி. நீ துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தே. பெரிய போர்வை கொடியில நிக்கலை, ரெண்டு தடவை விழுந்துச்சு. ரெண்டாவது தடவை அதை உதறிட்டு, கொடியைத் திட்டினே."

"திட்டினது மேல கேட்டுச்சா?"

"கேக்கலை. தெரிஞ்சுது."

அந்த இடத்தில் இவர்தான் இரண்டு சுற்று சுற்றச் சொன்னார், ஏனென்று சொல்லவில்லை என்றார் கேப்டன். இன்ஸ்பெக்டர் அவளிடம், போர்வை விழுந்தது உண்மையா என்று கேட்டார். உண்மைதான், அப்போது மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை, நான் யாரிடமும் சொல்லவும் இல்லை, போர்வை விழுந்ததை யாராவது போய்ச் சொல்வார்களா என்றாள் அவள். இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பி முதலாளிக்கு நேராகப் போட்டுக்கொண்டு, அந்தப் பாக்கெட் கடிகாரம் இப்போது எங்கே இருக்கிறது என்று மிக அமைதியாக விசாரித்தார். முதலாளி வாசலைப் பார்த்தார். அந்த வாசலுக்கும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வீட்டு அலமாரியில் என்றார்.

பெஞ்சில் இருந்த இருவருக்கும் இது எதுவும் காதில் விழவில்லை.

"உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினேன்," என்றான் மெக்கானிக். "பைத்தியக்காரன் மாதிரி ஆட்டினேன். நீ நிமிர்ந்தே பார்க்கலை."

"சத்தம் கேட்டுச்சு. அண்ணன் போனதுலேருந்து அந்தச் சத்தம் கேட்டா நான் தரையைத்தான் பார்ப்பேன்." அவள் குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது. மூன்று நாளாகத் தேக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வந்தது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் சத்தியத்தை மீறி மேலிருந்து ஆட்டிய அதே கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நாத்தனார் அண்ணியின் கைக்குட்டையைக் கேட்காமலே எடுத்துத் தன் மூக்கைச் சிந்தினாள்.

"கோவமா?" என்றான் அவன்.

"ஜெயிலுக்குப் போனாலும் போவீங்க, என்கிட்ட சொல்ல மாட்டீங்க. கோவம் இல்லாம?" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கைத் திறந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நிமிர்ந்து பார்த்திருப்பேன்."